ஒளி கசியும் துணி

ஒளியைத் தோல் நோய்க்கு மருந்தாக்கிய வரலாறு பெரும்பாலும் விளக்குகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. கரிமுனை வில் விளக்கு, பாதரச விளக்கு, ஒளிர்குழாய், லேசர், எல்இடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்த கருவிகளும், ஒவ்வொன்றும் உமிழ்ந்த அலைநீளமும், அது தோலின் எந்த அடுக்குவரை இறங்கியது என்பதும் அதில் வரிசையாக இடம்பெறுகின்றன. நோயாளியின் பக்கம் நின்று அதே வரலாற்றைப் படித்தால் வேறொரு சிக்கல் முன்னுக்கு வருகிறது. தக்க ஒளி கைக்குக் கிடைத்த பிறகும், அதை நோயுற்ற தோலின் மேல் போதிய அண்மையில், போதிய நேரம், எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படும்படி நிறுத்திவைப்பது எப்படி என்பதே அச்சிக்கல். அதற்கு ஒவ்வொரு காலமும் கண்ட விடையைப் பொறுத்தே நோயாளி தன் நாளில் எத்தனை மணி நேரத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தார் என்பது அமைந்திருக்கிறது. மெல்லிய நெகிழி இழைகளை நூலோடு சேர்த்து நெய்து, உடலில் போர்த்தும் துணியையே விளக்காக்கும் அண்மைக்கால முயற்சியையும் இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். அத்துணி புதிய ஒளி எதையும் கொண்டுவரவில்லை. ஒளியும் உடலும் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும்தான் மாற்றுகிறது.

ஃபாரோ தீவுகளில் 1860இல் பிறந்து கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்ற நீல்ஸ் ஃபின்சன், 1896இல் அந்நகரில் ஒளி மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். லூபஸ் வல்காரிஸ் எனப்படும் தோல் காசநோய், மூக்கையும் கன்னத்தையும் ஆண்டுக்கணக்கில் அரித்து முகத்தைச் சிதைக்கும் நோயாக அன்று ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. கரிமுனை வில் விளக்கின் ஒளியை நீண்ட குழாய்களுக்குள் வில்லைகளால் குவித்து ஃபின்சன் நோயுள்ள இடத்தில் விழச் செய்தார். தோலில் ஓடும் குருதி ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால், குளிர்ந்த நீர் ஓடும் ஓர் அழுத்து வில்லையைச் செவிலியர் தோலின்மேல் வைத்து, குருதி ஒதுங்கி அந்த இடம் வெளிறும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு சிறிய காசளவு இடத்துக்கு ஓர் அமர்வு. ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். முழு முகத்துக்குப் பல மாதங்கள். பெரிய விளக்கொன்றின் நான்கு குழாய்களின் கீழ் நான்கு நோயாளிகள் படுத்திருக்க, ஒவ்வொருவர் அருகிலும் ஒரு செவிலியர் வில்லையைப் பிடித்தபடி இருக்கும் நிழற்படங்கள் அந்நிலையத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. 1903இல் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே, 43 வயதில், அவர் இறந்தார். பரிசு விளக்கைக் கண்டவருக்குச் சென்றது முறையே எனினும், ஒளியைத் தோலோடு சேர்த்து வைத்திருந்தவை அந்தச் செவிலியரின் கைகள் என்பதைக் குறிப்பிடாமல் விடுவது சரியாகாது.

பின்வந்த கருவிகள் செவிலியரின் கையை விடுவித்து, நோயாளியின் காலில் சுமையை ஏற்றின. சோரியாசிஸ் எனப்படும் செதிலுதிர் நோயில், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே தள்ளப்பட்டு, சிவந்த தடிப்புகளின் மேல் வெண்செதில்களாகப் படிகின்றன. உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் தம் தோலையே தூண்டிக்கொண்டிருப்பது இதற்குக் காரணம். இது தொற்றாது, முற்றாகத் தீர்வதும் அரிது. உலகச் சுகாதார மன்றம் 2014இல் இதற்கெனவே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒளியால் தோலின் வினையை மாற்றும் சோராலென் என்ற தாவரப் பொருளை உட்கொள்ளச் செய்து, நீண்ட அலைப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் முறை 1974இல் இந்நோய்க்கு அறிமுகமானது. அந்தப் பொருள் கார்போகரிசியில் உண்டு. வெண்புள்ளிக்கு அந்த விதையைக் கொடுத்து வெயிலில் காயச் சொல்லும் வழக்கம் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் மிகப் பழையது. தோல் புற்றுக்கான வாய்ப்பை அம்முறை கூட்டுவது தெரியவந்த பின், 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் உமிழும் ஒளிர்குழாய்கள் 1980களில் வந்து, படிப்படியாக அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. இக்குழாய்கள் சுற்றிலும் நிற்கும் பெட்டிக்குள் நோயாளி ஆடை களைந்து சில நிமிடங்கள் நின்றால் போதும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக வாரம் மூன்று முறை, இரண்டு மூன்று மாதங்கள், வேலையை விட்டுவிட்டுப் போய்வர வேண்டும்.

இந்தப் போக்குவரத்தின் விலை என்ன என்பதை அமெரிக்காவில் 783 சோரியாசிஸ் நோயாளிகளை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஒரே வகை ஒளியை ஒரு பிரிவினர் வீட்டில் வைத்த கருவியிலும் மறு பிரிவினர் மருத்துவமனையிலும் பன்னிரண்டு வாரம் பெற்றனர். வீட்டுப் பிரிவில் 51.4 விழுக்காட்டினர் சிகிச்சையைக் குறித்தபடி தொடர்ந்தனர். மருத்துவமனைப் பிரிவில் 15.9 விழுக்காட்டினரே தொடர்ந்தனர். பயனிலும் வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை. ஒளியின் இயல்பு இரு பிரிவிலும் ஒன்றே என்பதால், இந்த வேறுபாடு முழுவதும் இடத்தால் வந்தது. ஒளிதரும் துணியை ஆய்வுக்கூடத்து வேடிக்கை என்று ஒதுக்க முற்படுவோர் முதலில் இந்த இரண்டு எண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அத்துணியின் அடிப்படை, ஒளியிழை. அடர்த்தி மிகுந்த ஊடகத்தில் செல்லும் ஒளி, அடர்த்தி குறைந்த ஊடகத்தின் எல்லையில் மிகவும் சாய்வாக மோதும்போது வெளியேறாமல் முழுவதும் உள்ளே திரும்புவதை முழு அக எதிரொளிப்பு என்பர். நீர்த்தாரையின் வளைவுக்குள் ஒளி அடைபட்டுச் செல்வதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெனீவாவில் கொலாடனும் இலண்டனில் டிண்டலும் அரங்கில் செய்து காட்டினர். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைகளின் கட்டு வழியே படத்தை அனுப்பிய செய்தி 1954இல் வெளியாயிற்று. 1966இல் சார்லஸ் காவ், கண்ணாடியின் மாசுகளை நீக்கினால் இழப்பைப் பெருமளவு குறைக்கலாம் என்று காட்டியதிலிருந்து தொலைத்தொடர்புப் பொறியியல் முழுவதும் ஒரே குறிக்கோளை நோக்கி நடந்தது: ஒளி வழியில் கசியக் கூடாது. இழையைக் கூர்மையாக வளைத்தால், வளைவில் மோதும் கோணம் மாறி, ஒளி இழையைச் சூழ்ந்த உறையைத் தாண்டி வெளியேறிவிடும். இதனால்தான் கேபிள் பதிப்போருக்கு இன்னும் எவ்வளவு குறுகலாக வளைக்கலாம் என்று வரம்பு விதிக்கப்படுகிறது. துணி நெய்வோர் அந்த வரம்பை வேண்டுமென்றே மீறுகிறார்கள். தொலைத்தொடர்புப் பொறியாளர் குறை என்று பெயரிட்டதே இங்குச் சரக்கு.

மீறுவது எளிது, சீராக மீறுவதுதான் கடினம். இத்துணிகளில் பெரும்பாலும் ஊடையாகச் செல்வது, பிஎம்எம்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்ரிலிக் நெகிழியால் ஆன, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை. சாதாரண நெசவில் ஊடை ஒரு பாவு நூலின் மேலேறி அடுத்ததன் கீழிறங்குவதால், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வளைவு உண்டாகிறது. ஒளி மூலத்தை அடுத்த சில சென்டிமீட்டரிலேயே பெரும்பகுதி கசிந்து, துணியின் நடுப்பகுதி இருண்டுவிடும். சொட்டுநீர்க் குழாயில் எல்லாத் துளைகளும் ஒரே அளவில் இருந்தால் மோட்டாருக்கு அருகிலுள்ள செடிகள் ஊறிப்போக, கடைசிச் செடிகள் காய்வதைப் போன்ற நிலை இது. சாட்டின் நெசவில் ஊடை பல பாவு நூல்களைத் தாண்டி மிதந்து சென்று பிறகே ஒருமுறை இறங்குவதால் வளைவுகள் குறையும். பிரான்சில் லீல், ரூபே நகரங்களைச் சார்ந்த மருத்துவரும் நெசவுப் பொறியாளரும் இணைந்து உருவாக்கிய துணிகளில் இந்த வேறுபாடே கருவியாயிற்று. ஒளி நுழையும் விளிம்பை ஒட்டி நீண்ட மிதவையும், உள்ளே செல்லச் செல்ல நெருக்கமான இறக்கமும் அமையும்படி வெவ்வேறு சாட்டின் அமைப்புகளை ஒரே துணியில் அடுத்தடுத்து வைத்து, இழையின் இரு முனைகளிலிருந்தும் ஒளியைச் செலுத்தினால், குறையும் ஒளியைக் கூடும் கசிவு ஈடுகட்டி, துணிப்பரப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் கிடைக்கிறது. உறையைக் கீறியோ லேசரால் பொத்தல் இட்டோ கசியவிடும் வழிகளும் உண்டு. அவை இழையைப் பலவீனப்படுத்துவதால், நெசவின் வழியே நேர்த்தியானது என்று தோன்றுகிறது. எந்த இடத்தில் எத்தனை நூலைத் தாண்ட வேண்டும் என்பதைத் தறி முன்கூட்டியே அறிந்திருந்தால் போதும், மருந்தின் அளவு துணியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இத்தகைய ஒளிப்போர்வை முதலில் இடம்பிடித்தது பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையில்தான். அது தோல் நோயன்று. தோல் அங்கே வாயில் மட்டுமே. எனினும் அதன் தொடக்கத்தைச் சொல்லாமல் இத்துறையை விளக்க முடியாது. 1956இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை இளவெயிலில் முற்றத்துக்குக் கொண்டுபோவதை வழக்கமாகக் கொண்டிருந்த செவிலியர் ஜீன் வார்டு, ஒரு குழந்தையின் உடல் வெளிறி, ஒரு முக்கோணப் பகுதி மட்டும் ஆழ்ந்த மஞ்சளாக இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். அந்த முக்கோணம், போர்த்திய துணியின் மூலை மறைத்திருந்த இடம். ஒளி பட்ட இடத்தில் மஞ்சள் நீங்கியிருந்தது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் நீல ஒளியை உறிஞ்சி வடிவம் மாறி, கல்லீரலின் உதவி அதிகம் இன்றியே வெளியேறத்தக்கதாகிறது என்ற விளக்கம் பின்னர் வந்தது. அம்மருத்துவமனையின் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் 1958இல் முதல் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். அன்று துணி ஒளிக்குத் தடை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், நெய்த ஒளியிழைத் தகட்டைக் குழந்தையின் முதுகோடு சேர்த்துச் சுற்றும் போர்வைகள் மருத்துவமனைகளுக்கு வந்தபோது, கண்ணைக் கட்டி, தாயிடமிருந்து பிரித்து, விளக்கடியில் கிடத்தாமலேயே குழந்தைக்கு நீல ஒளியைத் தர முடிந்தது. சுவிட்சர்லாந்தின் எம்ப்பா ஆய்வு நிறுவனம் 2017இல் இன்னும் ஒரு படி சென்று, மின்கலத்தால் இயங்கும் எல்இடிகளின் ஒளியைச் சாட்டின் நெசவு இழைகளில் செலுத்தி, குழந்தைக்கு உடையாகவே தைக்கத்தக்க மென்துணியைக் காட்டியது. தாய் மடியில் வைத்துப் பாலூட்டும்போதும் சிகிச்சை நடப்பது இதன் பெரும் பேறு.

தோல் நோயில் இத்துணி மிகக் கவனமாகச் சோதிக்கப்பட்டது லீல் நகரில். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் வெள்ளைத்தோல் கொண்ட முதியவர்களுக்குச் சொரசொரப்பான சிறு தடிப்புகள் தோன்றும்; ஆக்டினிக் கெரட்டோசிஸ் எனப்படும் இவற்றில் சில பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடும். இதற்கான ஒளியியக்கச் சிகிச்சையில் முதலில் ஒரு களிம்பு பூசப்படுகிறது. மாறுபட்ட செல்கள் அதை உறிஞ்சி, குருதிச் சிவப்புக்கு அடிப்படையான சேர்மத்தின் முன்னோடியாகிய புரோட்டோபார்ஃபிரினாக மாற்றித் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. 635 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி அதன்மேல் படும்போது, அருகிலுள்ள ஆக்சிஜன் வீரியமிக்க வடிவம் பெற்று அச்செல்லைக் கொல்கிறது. வழக்கமான முறையில், களிம்பு பூசி மூன்று மணி நேரம் காத்திருந்து, பிறகு விளக்கால் சதுர சென்டிமீட்டருக்கு 37 ஜூல் ஆற்றலைச் சுமார் பத்து நிமிடங்களில் பாய்ச்சுவர். இது கடும் வேதனை தருவது. மேலும் தட்டையான விளக்கு வளைந்த மண்டையின்மேல் எப்போதும் நடுவில் மிகுதியாகவும் ஓரத்தில் குறைவாகவுமே ஒளியைப் பொழியும்.

லீல் குழுவினர் தலையைச் சூழ்ந்து படியும்படி ஒளித்துணியைத் தலைக்கவசத்துக்குள் வைத்தனர். களிம்பு பூசி அரை மணி நேரத்திலேயே ஒளி தொடங்கி, இரண்டரை மணி நேரம், சதுர சென்டிமீட்டருக்கு 1.3 மில்லிவாட் என்ற மங்கிய அளவில் நீடித்தது. கூட்டினால் ஏறத்தாழ 12 ஜூல். வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு. உச்சி வெயில் அதே பரப்பில் ஏறத்தாழ 100 மில்லிவாட் பொழிகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெல்லிய ஒளி என்பது புரியும். 25 நோயாளிகளின் தலையில் ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் விளக்குமாக வைத்து நடந்து, 2019இல் வெளியான ஒப்பாய்வில், துணியின் பயன் விளக்கினதற்குக் குறையவில்லை. வேதனையைப் பத்துக்கு எத்தனை என்று நோயாளிகளைக் கேட்டபோது, விளக்குப் பக்கம் சராசரியாக 7.4 என்றும் துணிப் பக்கம் 0.3 என்றும் பதிவாயிற்று.

குறைந்த ஒளி எப்படிப் போதுமானதாயிற்று? பல ஒளிவேதி வினைகளில் செறிவையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணே விளைவைத் தீர்மானிக்கும். புன்சனும் ராஸ்கோவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூறிய இந்த விதிப்படி, பத்து மடங்கு மங்கிய ஒளியைப் பத்து மடங்கு நேரம் தந்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஒளியியக்கச் சிகிச்சையில் ஆக்சிஜனும் ஒரு பங்காளி. ஒளி மிகச் செறிவாகப் பாய்ந்தால் திசுவிலுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்து, குருதி புதிதாகக் கொண்டுவரும்வரை மீதி ஒளி வீணாகிறது. மெல்லிய ஒளியில் அந்தப் பற்றாக்குறை ஏற்படுவதில்லை. புரோட்டோபார்ஃபிரினும் உருவாக உருவாக அவ்வப்போதே செலவழிந்துவிடுவதால், நரம்பைத் தாக்குமளவு குவிவதில்லை. கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் வுல்ஃப் உள்ளிட்டோர், களிம்பு பூசிய நோயாளிகளை விளக்கு எதுவுமின்றிப் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கச் செய்து, வேதனை இல்லாமலே ஒத்த பயன் பெறலாம் என்று ஏற்கெனவே காட்டியிருந்தனர். அந்த வுல்ஃப் பங்குகொண்ட 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று ஃபின்சனின் பழைய கருவியையும் அளந்து பார்த்தது. கிருமியைக் கொன்றதாக நெடுங்காலம் நம்பப்பட்ட குறும் அலைப் புற ஊதா ஒளி அதன் வில்லைகளைக் கடக்கவே இல்லை என்றும், காசநோய்க் கிருமி தானே உருவாக்கும் பார்ஃபிரின்களின்மேல் நீல ஊதா ஒளி பட்டு ஆக்சிஜனைத் தூண்டியதே குணத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் அது முடிவுகண்டது. அப்படியாயின் நோபல் பரிசு பெற்ற அந்தச் சிகிச்சையும், பெயர் அறியப்படாத ஓர் ஒளியியக்கச் சிகிச்சையே. ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்த செவிலியரின் பொறுமை வெறும் சடங்காக இருக்கவில்லை என்றும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, சோரியாசிஸுக்கு இதே துணியைப் போர்த்திவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இங்கேதான் விளம்பரமும் மருத்துவமும் பிரிகின்றன. சோரியாசிஸில் உறுதியான சான்றுள்ளது 311 நானோமீட்டர் ஒளிக்கு. அக்ரிலிக் இழை அந்த ஒளியை வழியிலேயே உறிஞ்சிவிடும். துணிக்கு ஏற்ற மென்மையும் வளைவும் கொண்ட இழை புற ஊதாவைச் சுமக்காது, புற ஊதாவைச் சுமக்கும் குவார்ட்ஸ் இழை துணிக்கு வேண்டியபடி வளையாது. ஆகவே துணி எளிதில் தரக்கூடிய நீலத்தையும் சிவப்பையும் கொண்டு இந்நோய்க்கு என்ன செய்யலாம் என்றே ஆய்வுகள் கேட்க நேர்ந்தது. நோய் கேட்ட ஒளியைத் துணி தரவில்லை, துணி தரும் ஒளிக்கு நோயில் இடம் தேடப்பட்டது. தேடியதில் குற்றமில்லை. 453 நானோமீட்டர் நீல ஒளி தோல் செல்களின் பெருக்கத்தைக் குறைப்பதாக ஆய்வுக்கூடத்திலும், தினமும் பெற்றால் தடிப்புகள் ஓரளவு அடங்குவதாக ஜெர்மனியின் ஆஹன் நகரில் நடந்த சோதனையிலும் தெரியவந்தது. பிலிப்ஸ் நிறுவனம் அதைக் கையிலோ காலிலோ பட்டையால் கட்டிக்கொள்ளும் எல்இடி கருவியாக ஐரோப்பாவில் விற்றது. அது சந்தையில் நெடுநாள் நிலைக்கவில்லை. புற ஊதா தரும் அளவுக்கு நீலம் பயன் தராததும், உடலெங்கும் பரவும் நோய்க்கு உள்ளங்கை அகலக் கருவி போதாததும் சேர்ந்து அதற்கு எதிராகவே நின்றன. இரண்டாவது குறையைத் துணி நீக்கலாம்; முதல் குறை அப்படியே இருக்கும்.

துணியே தோலுக்குத் தீங்காகக்கூடும் என்ற சங்கடமும் உண்டு. சோரியாசிஸ் உள்ளவரின் நலமான தோலில் கீறலோ இடைவிடாத உரசலோ பட்டால், அந்தக் கோட்டிலேயே புதிய தடிப்பு முளைக்கும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் கோப்னர் 1870களில் கண்டார். வெண்புள்ளியிலும் இது நிகழ்கிறது. இறுக்கமான இடுப்புப் பட்டையும் உள்ளாடையின் விளிம்பும் நோய்க்கு வழி திறப்பதை நோயாளிகள் நன்கு அறிவர். அக்ரிலிக் இழை பருத்தியைப் போல் வியர்வையை உறிஞ்சாது. அது முறிந்தால் முனை குத்தும். ஒளியைத் தோலோடு ஒட்டவைக்க வேண்டுமென்றால் துணி இறுகியிருக்க வேண்டும், தோல் பிழைக்க வேண்டுமென்றால் தளர்ந்திருக்க வேண்டும். பஞ்சு நூலால் ஒரு பக்கத்தை மூடுவதும், இழையை நெசவின் நடு அடுக்கில் மறைப்பதும் இதற்குத் தேடப்படும் சமரசங்கள்; ஒவ்வொரு சமரசத்திலும் சிறிது ஒளி இழக்கப்படுகிறது. மருந்தாகும் ஆடை என்ற எண்ணத்தைத் தோல் மருத்துவம் ஒருமுறை கடுமையாகச் சோதித்தும் இருக்கிறது. எக்சிமா உள்ள 300 குழந்தைகளுக்கு இங்கிலாந்தில் சிறப்புப் பட்டாடைகளை அணிவித்து, 2017இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பராமரிப்பைவிட அந்த ஆடைகள் கூடுதல் பயன் எதையும் தரவில்லை. அந்த ஆடைகளும் அதுவரை நம்பிக்கையோடு பரிந்துரைக்கப்பட்டு வந்தவைதான்.

துவைப்பது, அளப்பது போன்ற சிறிய வேலைகள் ஆய்வறிக்கைகளில் ஓரிரு வரியோடு முடிந்துவிடுகின்றன. அக்ரிலிக் 100 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்குவதால், மருத்துவமனைத் துணிகளுக்குரிய நீராவிக் கொப்பறையில் இதைப் போட முடியாது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும்போது மெல்லிய உறைத்தாளைத்தான் நம்ப வேண்டும். இழைகள் ஒன்றிரண்டாக முறிய முறியப் பரப்பின் வெளிச்சம் ஆங்காங்கே குறையும், அது கண்ணுக்குத் தெரியாது. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று மருந்தகம் உறுதி சொல்கிறது. நூறாவது முறை மடித்த துணியில் எத்தனை ஜூல் என்று சொல்ல யாரேனும் அதை அளந்தாக வேண்டும். ஒளியை ஓர் ஓரத்திலிருந்து செலுத்தாமல், நூலையோ துணிப்பரப்பையோ நேரடியாக ஒளிரச் செய்யும் வேறு வழிகளும் வளர்ந்து வருகின்றன. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், டண்டீ நகரங்களின் ஆய்வாளர்கள் கரிம எல்இடியைப் பிளாஸ்திரி போலத் தோலில் ஒட்டி, நோயாளி நடமாடிக்கொண்டே ஒளியியக்கச் சிகிச்சை பெறும் முறையை 2009இல் வெளியிட்டனர். தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனம் கரிம எல்இடியைத் துணிமேலேயே படிய வைக்கிறது. ஷாங்காயின் ஃபுதான் பல்கலைக்கழகக் குழு 2021இல் காட்டிய ஆறு மீட்டர் நீளத் துணியில் பாவும் ஊடையும் சந்திக்கும் ஐந்து இலட்சம் புள்ளிகள் ஒளிர்ந்தன; அது காட்சித் திரைக்காக நெய்யப்பட்டது, மருத்துவத்துக்கு அன்று.

இந்திய, இலங்கை வாசகர் கேட்க வேண்டிய கேள்வி இவற்றுக்கெல்லாம் அப்பால் நிற்கிறது. மேலே கூறிய தோல் சோதனைகள் பெரும்பாலும் வெளிறிய ஐரோப்பியத் தோலில் நடந்தவை. ஆக்டினிக் கெரட்டோசிஸ் கரிய தோலில் அரிது என்பதால், துணியின் மிகச் சிறந்த சான்று எந்த நோயில் உள்ளதோ அந்த நோயே தமிழர்க்குப் பெரும்பாலும் பொருந்தாது. சோரியாசிஸும் வெண்புள்ளியும் எக்சிமாவும் பொருந்தும். ஆனால் அங்கே மெலனின் குறுக்கிடுகிறது. தோலின் இந்தக் கருநிறப்பொருள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளி மாநிற, கருநிறத் தோலில் வாரக்கணக்கில் நீடிக்கும் கருமையை உண்டாக்குவதையும், வெளிறிய தோலில் அவ்வாறு நிகழாததையும் 2010இல் டெட்ராய்ட் ஆய்வாளர்கள் கண்டனர். நீல ஊதா ஒளிக்கே இந்த இயல்பு உண்டு, சிவப்புக்கு இல்லை என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2014இலும், நிறச்செல்களில் உள்ள ஆப்சின்-3 என்ற புரதமே அந்த நீலத்தை உணர்கிறது என்பதை 2018இலும் காட்டினர். தடிப்பு மறைந்த இடத்தில் கருந்திட்டு நின்றுவிடுமானால், நோயைவிட அத்திட்டைப் பற்றியே கவலைப்படும் ஒருவருக்கு நீலத்துணி எவ்வகையிலும் ஆறுதல் ஆகாது. புற ஊதாப் பெட்டிகளில் தோலின் நிறத்தைப் பார்த்துத் தொடக்க அளவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒரே வெளிச்சத்துக்கு நெய்யப்பட்ட துணியில் மாற்றக்கூடியது அணியும் நேரம் ஒன்றுதான். அந்த நேரத்தை வெளிறிய தோலில் கிடைத்த எண்ணை ஏதேனும் ஒன்றால் பெருக்கிக் கண்டுவிட முடியாது. ஒளி எவ்வளவு உள்ளே இறங்குகிறது, அங்கே ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது, நிறச்செல் எந்த அளவில் விழித்துக்கொள்கிறது என்ற மூன்றும் தனித்தனியே மாறுவதால், மாநிறத் தோலுக்கான கணக்கை மாநிறத் தோலிலேயே அளந்து எழுத வேண்டியிருக்கிறது.